ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் படிக்கும் மகளுக்கு

சயான், மும்பை
டிசம்பர், ஞாயிறு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை அம்மாவுக்கும் ஆச்சிக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். வகுப்பில் நீ அளித்த உரைக்கு 1.7 கிடைத்தது என்ற வரியைக் கேட்டதும் ஆச்சியின் முகம் வாடிவிட்டது. அங்கே 1.0 என்பதே முதன்மை, 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால்தான் தோல்வி என்று சொல்லி நம்பவைக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

படிப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பருவத்துக்கு முப்பது மதிப்பலகுகள் (கிரெடிட்) எடுப்பதும், அவற்றை நம் கல்லூரி ஏற்பதும் நீ புறப்படுமுன்பே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பாடம் ஏதேனும் மாறினால் மட்டும், இரு தரப்பு ஒப்புதலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள். நான் எழுத விரும்புவது உன் மாலை நேரங்களைப் பற்றி.

நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, வீட்டில் உள்ள மற்ற மூவரும் அவரவர் அறைக்குப் போய்விடுகிறார்கள், பேச யாருமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு எங்களை அழைக்கிறாய். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்கு நகர்த்தியதிலிருந்து நமக்கும் உங்களுக்கும் நாலரை மணி நேர வேறுபாடு. ஆகவே உன் எட்டு மணி எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. நாங்கள் விழித்திருப்பது ஒரு பெரிய விஷயமே அல்ல. உன் அம்மா அதற்காகவே பகலில் தூங்கப் பழகிவிட்டாள். ஆனால் ஒரு வீட்டில் நான்கு மாணவர்கள் சமையலறையில் ஒன்றாக நிற்க வாய்ப்புள்ள நேரம் பெரும்பாலும் அந்த இரவு உணவு நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை நீ கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு கழித்தால், அவர்கள் பேசுவதில்லை என்று நீ நினைப்பதைப் போலவே, நீ பேச விரும்பாதவள் என்று அவர்களும் நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தபோது, சுற்றிலும் நம்மூர்க்காரர்களே இருந்ததால், தமிழ் ஒன்றை வைத்தே காலம் தள்ளியிருக்கலாம். அப்படித் தள்ளியவர்களும் உண்டு. அவரோ தினமும் மீன் விற்கும் கோளிப் பெண்களிடம் மராட்டியில் விலை பேசியே அந்த மொழியைக் கற்றார். அவர்கள் சிரிப்பார்களாம், இவரும் சேர்ந்து சிரிப்பாராம். அங்கே ரொட்டிக் கடையில் நீ ஜெர்மனில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது என்று சலித்துக்கொண்டாய். வரட்டும், நீ ஜெர்மனிலேயே தொடர்ந்து பேசு. காலையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் அவர்களுக்கும் பொறுமை இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருப்பது உனக்குக் கசப்பாக இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கும் பால் பாக்கெட் வாங்கக்கூடிய தெருவில் வளர்ந்த பெண்ணுக்கு அது கசக்கத்தான் செய்யும். ஜெர்மனியின் பழைய அரசியலமைப்பான 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பில் எழுதப்பட்ட ஞாயிறு ஓய்வு, அவர்களின் இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது என்று படித்தேன். எனவே அது மாறும் என்று காத்திராதே. சனிக்கிழமை மாலைக்குள் அரிசி, பால், காய்கறி வாங்கி வைத்துவிட்டு, ஞாயிறன்று நெக்கர் ஆற்றங்கரையில் வெயில் இருக்கும்போதே நடந்துவிட்டு வா. குளிர்காலத்தில் பகல் வெளிச்சத்தைத் தவறவிட்டால் மனம் சோர்ந்துபோவது உடம்பின் இயல்பு. அதைத் தனிமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

சுத்தம் செய்யும் முறைப்பட்டியலில் உன் வாரத்தை விட்டுவிட்டாய் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொன்னாள், அது அவமானமாக இருந்தது என்கிறாய். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. நம் கட்டிடத்தில் அதே குறையை மாடிப்படியில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு, நம்மைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் சொன்னது வேலையைப் பற்றி. உன்னைப் பற்றி அல்ல. அந்த வாரத்தைச் செய்து முடித்துவிட்டு, ஒரு மாலை அவர்களுக்கு எலுமிச்சைச் சாதம் செய்து கொடு. தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வை. புகை எச்சரிக்கை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உன் தலையில் விழக்கூடும். இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸியைத் தொடவே தொடாதே. காலை ஆறு வரை அங்கே அமைதி நேரம்.

எனவே வாரநாட்களில் இரவு அழைப்பை விட்டுவிடலாம் என்பது என் முடிவு. உன் அம்மா இதற்கு ஒப்பவில்லை. புதன்கிழமை ஒரு நாளாவது வேண்டும் என்கிறாள். சரி, புதன் அவளுக்கு. ஞாயிறு காலை உன் பத்தரை மணிக்கு, இங்கே மூன்று மணி, எல்லோரும் வீட்டில் இருப்போம். உடல்நலம் கெட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது, எந்த நேரமும் அழை. அவசரமென்றால் எங்களுக்கு முன்பு 112-ஐ அழை.

விசா முடியும் தேதியைப் பார்த்து, நீட்டிப்பு தேவைப்படுமானால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இப்போதே நேரம் கேட்டு எழுதிவிடு. அங்கே போய் வரிசையில் நின்றால் வேலை நடக்காது, முன்பதிவு வேண்டும்.

ஆச்சி நெய்யும் பால்கோவாவும் அனுப்பச் சொல்லி மூன்று டப்பாக்களைக் கழுவி வைத்திருக்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் தனியார் பார்சலில் அனுப்ப அனுமதியில்லை என்பதை அவளிடம் நீயே சொல். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். அங்கே முகவரியில் கட்டிட எண்தான் இருக்கும், உள்ளே இருக்கும் தனித்தனி வீடுகளுக்கு எண் கிடையாது, அஞ்சல்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார் என்கிறார்கள். உன் பெயரைப் பெட்டியிலும் அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டியாயிற்றா என்று எழுது; பதில் வந்ததும் பார்சலை அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா