புனித வீரனை மன்னிப்பது யார்? மிகுபுனைவு எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல் எழுதும் நண்பர்களுக்கும், அதைத் துணிந்து அச்சிடும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் எழுத்தாளன் இல்லை. குடியாத்தத்துக்காரன், கதைப் பைத்தியம். டிராகன் பறந்தாலும் சரி, வாள் வாய் திறந்து பேசினாலும் சரி, புத்தகம் தலையணை கனத்துக்கு இருந்தால் இன்னும் சந்தோஷம். அதனால் இதை விமர்சகர் சொல்லும் குறையாக நினைக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவனின் முறையீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறையீடு ஒன்றுதான். தடம் மாறிய புனித வீரன் பாவத்தைக் கழுவக் கிளம்பும் கதையை எழுதுகிறீர்கள், ஆனால் அந்தப் பாவத்தை யார் தலையில் இறக்கினானோ அவர்களைக் கதைக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறீர்கள்.

கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். கடவுள் பெயரில் சத்தியம் செய்த வீரன், ஆணை வந்தது என்று ஒரு கிராமத்தைக் கொளுத்துகிறான், இல்லை ஆத்திரத்தில் கொல்லக் கூடாத ஒருவரைக் கொல்கிறான். கையில் இருந்த ஒளி அணைகிறது, மடத்திலிருந்து துரத்துகிறார்கள், சாராயக்கடை மூலையில் தாடியோடு உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் ஒரு சின்னப் பெண்ணோ ஒரு திருடனோ வந்து கூப்பிட, காடு மலை பாதாளம் எல்லாம் தாண்டி, கடைசிப் போரில் நெஞ்சில் ஈட்டி வாங்கி, வானம் திறந்து வெளிச்சம் விழுந்து, முற்றும். நானும் கண் கலங்கித்தான் படிப்பேன். ஆனால் எரிந்த ஊருக்குப் பெயர் இருக்காது. அதில் தப்பித்த ஒருத்தி இருந்தால் இரண்டாம் அத்தியாயத்தில் அவன் கனவில் வந்து அலறிவிட்டுப் போவாள், அதோடு அவள் வேலை முடிந்தது.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பகுதி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலிருந்துதான். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை போல ஆடும், 1974-ல் வந்த விளையாட்டு அது. சார்லமேன் பேரரசரைச் சுற்றி இருந்ததாகச் சொல்லப்படும் வீரர்களின் பெயரை எடுத்து, அடுத்த ஆண்டே பாலடின் என்ற புனித வீரனை உள்ளே கொண்டு வந்தார்கள். 1978 விதிப்புத்தகத்தில் அவன் தவறினால் என்ன ஆகும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது: ஒழுங்கு மீறினால் உயர்நிலைப் பூசாரி ஒருவரைத் தேடிப் போய்ப் பாவத்தை ஒப்புக்கொண்டு அவர் சொல்லும் பிராயச்சித்தத்தைச் செய்ய வேண்டும், தெரிந்தே தீமை செய்தால் பட்டம் போனது போனதுதான், திரும்பக் கிடைக்காது. கடுமையான விதி, எனக்குப் பிடித்த விதி. ஆனால் அதிலும் பாருங்கள், ஒப்புக்கொள்வது பூசாரியிடம். அடி வாங்கினவன் வீட்டு வாசலுக்குப் போகச் சொல்லி ஒரு வரி கிடையாது. நிஜ வரலாறு இதைவிட மோசம், 1095-ல் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டியபோது, போருக்குப் போவதே பாவத்துக்குப் பரிகாரம் என்றார். நான்கு ஆண்டு கழித்து ஜெருசலேமில் நடந்த படுகொலை நமக்குத் தெரியும்.

சரி, அது அவர்கள் சரக்கு. நம் கையில் என்ன இருக்கிறது?

நம் கையில் பரசுராமன் இருக்கிறான். தவசியின் மகன், சிவனிடம் மழு வாங்கியவன், புனித வீரன் என்றால் இவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அப்பா சொன்னார் என்று அம்மாவின் தலையை வெட்டுகிறான். அண்ணன்கள் மாட்டேன் என்று நின்ற இடத்தில் இவன் வெட்டுகிறான், இதை மறந்துவிடக் கூடாது. அப்பா மகிழ்ந்து வரம் கேள் என்கிறார். மகாபாரதத்தின் வனபர்வத்தில் இவன் கேட்கும் வரங்களைப் படித்தால் எனக்கு இன்றும் திக்கென்று இருக்கும். அம்மா உயிரோடு எழ வேண்டும், கேட்கிறான், நியாயம். அடுத்தது, தான் வெட்டப்பட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது. அப்புறம், அந்தப் பாவம் ஒட்டக் கூடாது. மறுத்ததற்காக அப்பா சபித்த அண்ணன்கள் பழையபடி ஆக வேண்டும், போரில் எவனும் தன்னை வெல்லக் கூடாது, நீண்ட ஆயுள் வேண்டும் என்று பட்டியல் போகிறது. மன்னிப்புக் கேட்கவே வேண்டாம், கேட்க வேண்டிய காரணமே அவள் நினைவில் இல்லை. இதைவிடப் பயங்கரமான மந்திரத்தை உங்களில் யாராவது எழுதியிருக்கிறீர்களா?

ஆனால் எங்கள் பக்கம் அந்த வரம் பலிக்கவில்லை. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெட்டுப்பட்ட அந்த அம்மா, ரேணுகாதேவியின் தலைதான் ஊர்வலம் வருகிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பி, தெருத்தெருவாக மாலையும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு, தேங்காய் உடைபடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, கவுண்டன்ய ஆற்றங்கரையில் கோபாலபுரத்துக் கோயிலுக்கு வந்து அங்கே உடலில் பொருத்தப்படுகிறது. அந்த உடல் ரேணுகாவுடையது இல்லை. எங்கள் பக்கம் சொல்லும் கதையில், உயிருக்குப் பயந்து ஓடியவளுக்கு அடைக்கலம் கொடுத்த சேரிப் பெண் ஒருத்தியும் சேர்ந்தே வெட்டுப்பட்டாள், எழுப்பும் அவசரத்தில் தலை மாறிவிட்டது (சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும்). மகன் மறக்கடிக்கப் பார்த்ததை ஊர் வருஷா வருஷம் நடுத்தெருவில் தூக்கிக்கொண்டு நடக்கிறது. படவேட்டிலும் அப்படித்தான், 1989-ல் மாவட்டம் பிரிந்து படவேடு திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டாலும் ஆடி வெள்ளிக்கு எங்கள் ஆட்கள் வண்டி கட்டிப் போவது ரேணுகாம்பாளைப் பார்க்கத்தான், மழு பிடித்தவனைப் பார்க்க அல்ல.

இதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்த இன்னொரு பெண், அடைக்கலம் கொடுத்தவள், அவளுக்கு என்ன ஆயிற்று? உடல் அவளுடையது, பெயர் அம்மனுடையது. ஊர்க்கதையும் அவள் பக்கம் அதிகம் திரும்பவில்லை. என்னைக் கேட்டால் நாவல் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும். தன் உடலில் வேறொருத்தி தலையோடு கண் விழிக்கிறாள் என்று வையுங்கள், கை அவளுடைய வேலையை அறியும், நாக்கு ஆசிரமத்துப் பேச்சு பேசும், வெட்டினவன் எதிரில் நின்று அம்மா என்கிறான். முதல் அத்தியாயம் இதுதான். இதற்கப்புறம் டிராகன் வேண்டுமானால் வரட்டும், நான் தடுக்கவில்லை.

மகாபாரதத்திலேயே இன்னொரு ஆள் இருக்கிறான், அசுவத்தாமன். தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளை ராத்திரியில் புகுந்து கொன்றவன். பாகவதத்தில் அவனைக் கட்டி இழுத்து வந்து யார் முன்னால் நிறுத்துகிறார்கள்? திரௌபதி முன்னால். அவள் சொல்கிறாள், விட்டுவிடுங்கள், நான் அழுவதுபோல் இவன் தாயும் அழ வேண்டாம். அவள் இரங்கியது அவன் தாய் கிருபிக்காகவும்தான் என்று எனக்குப் படுகிறது. அவனுக்கு அதோடு விடுதலையும் இல்லை, தலையில் பிறந்த மணியை அறுத்தெடுத்து அனுப்புகிறார்கள், பாரதத்தில் 3000 ஆண்டு தனியாக அலையும் சாபம் வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அக்னி வசந்த விழா என்று பாரதம் வைத்து, பகலில் சொற்பொழிவும் ராத்திரி கூத்துமாகப் போய், துரியோதனன் படுகளத்தில் மண்ணால் செய்த பெரிய உருவத்தின் முன் திரௌபதி கூந்தல் முடிவாள், அப்புறம்தான் தீமிதி. போரில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட அவள் கூந்தல் முடிந்தாளா என்பதுதான் கூட்டத்துக்குக் கணக்கு.

பெரியபுராணத்தில் எறிபத்தர் என்ற சிவனடியார் கதையிலும் இதே இடம் இடிக்கும். சிவனுக்குப் போகும் பூவைச் சிதறடித்தது என்று பட்டத்து யானையையும் பாகர்களையும் வெட்டுகிறார், அரசன் வந்து என்னையும் வெட்டுங்கள் என்று வாளை நீட்ட, இவர் அந்த வாளைத் தன் கழுத்திலேயே வைக்கிறார், கடைசியில் இறைவன் அருளால் செத்தவர்கள் எழுகிறார்கள். பாகர்கள் எழுந்து என்ன சொல்லியிருப்பார்கள்? சேக்கிழாரிடம் கேட்க முடியாது, உங்களிடம் கேட்கலாம்.

அதனால் என் கோரிக்கை இது. அந்த வீரனைக் கடைசி அத்தியாயத்தில் கொல்லாதீர்கள். சாவு அவனுக்கு வசதி, செத்தவனிடம் யார் போய்க் கணக்குக் கேட்பது? உயிரோடு வைத்து, கொளுத்தின ஊருக்கே அனுப்புங்கள். அங்கே அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும், ஐம்பது பக்கம் ஆனாலும் பரவாயில்லை, நான் படிக்கிறேன். மன்னிக்க மாட்டோம் என்று சொன்னாலும் அவன் அங்கேயே இருந்து கூரை வேய்கிறானா, இல்லை கோபித்துக்கொண்டு போகிறானா, அதில் தெரிந்துவிடும் அவன் மாறினானா என்று.

போகிற போக்கில் இன்னொன்று. உங்கள் வீரர்கள் எல்லோரும் பனியில் தோல் கவசம் போட்டு நடக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் ஒருமுறை வந்து ஒரு டேனரி வாசலில் நின்று பாருங்கள், உப்புப் போட்ட பச்சைத்தோல் வாடையை ஒரு பத்தியாவது எழுதத் தோன்றும். கடவுள் கைவிட்ட கோயில் வேண்டுமா, வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலில் பல தலைமுறைகளாகச் சுவாமியே இல்லாமல் இருந்து 1981-ல்தான் மறுபடி வைத்தார்கள், சுற்றி அகழி வேறு. கல் கல்லாகச் சிற்பம், உள்ளே யாரும் இல்லை. இதை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக் கோட்டையை எதற்கு இறக்குமதி செய்கிறீர்கள்?

எழுதத் தொடங்கும் முன் ஒரு வைகாசி ஒன்றுக்கு வந்து போங்கள். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை போகும் பாதையில்தான் குடியாத்தம் ஸ்டேஷன், ஊர் கொஞ்சம் தள்ளி, ஆட்டோ கிடைக்கும். லாட்ஜை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அன்று இடம் கிடைப்பது கஷ்டம். சிரசு வரும்போது தேங்காய் உடைக்கும் இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்க வேண்டாம், சில்லு பறக்கும்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகன்