சிறைவாசலில் ஒரு பூட்டுப்பெட்டி: அமெரிக்க மத்திய சிறைத்துறை இயக்குநருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

2013 பிப்ரவரியில், போர்ட்டோ ரிக்கோவின் குவாய்நாபோ சிறையில் பணி முடித்து வீட்டுக்கு வண்டி ஓட்டிச் சென்ற லெப்டினன்ட் ஒஸ்வால்டோ அல்பராட்டியை நெடுஞ்சாலையில் சுட்டுக் கொன்றார்கள். கைதிகளின் கைபேசிகளைப் பறிமுதல் செய்ததற்கான பழி அது. பணி நேரத்துக்கு வெளியே துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள காவலர்களை அனுமதிக்கும் சட்டம் 2004-லேயே இருந்தது. ஆனால் சிறைக்கு வந்தால் அதை எங்கே வைப்பது? அதற்கு விடையாகத்தான், 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' என்ற சிறைச் சீர்திருத்தச் சட்டத்தில் அல்பராட்டியின் பெயரிலான பிரிவு 2018 டிசம்பரில் சட்டமானது.

அந்தப் பிரிவில் உள்ள 'அல்லது' என்ற சொல்தான் எங்கள் கவலை. பாதுகாப்பு வேலிக்கு வெளியே வைப்பிடம் தர வேண்டும், அல்லது நீங்கள் ஒப்புதல் தந்த பூட்டுப்பெட்டியை வண்டியில் வைக்க அனுமதிக்க வேண்டும். இரண்டாவதோடு நின்றுவிட்டால், பேருந்திலோ சக ஊழியரின் காரிலோ வருபவருக்கு ஒன்றுமே இல்லை. கார் வைத்திருப்பவரும் கைதிகளின் உறவினர் நடமாடும் இடத்தில், இருக்கைக்குள் குனிந்து, நாளுக்கு இருமுறை துப்பாக்கியைக் கையாள வேண்டும்.

தவறுதலாகச் சுடுவது பெரும்பாலும் இப்படிக் கையாளும்போதுதான். மேகசினைக் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றாமல் ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேற்பகுதி) இழுத்தால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினின் மேல் தோட்டா அந்த இடத்துக்கு ஏறிவிடும். விழுந்ததைப் பார்த்தவர் காலி என்று நம்பி விசையைத் தொடுவார். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, அதன்பின் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்ப்பது என்ற வரிசை மாறவே கூடாது. அதைவிட நல்லது, தோட்டாவைத் தொடாமல் உறையோடு கழற்றி அப்படியே பூட்டிவிடுவது. அதற்குச் சிறை முகப்பில் ஆளுக்கொரு எஃகுப் பெட்டி வேண்டும். சாவி சிறைக்குள் போகாமல் இருக்க எண் பூட்டு, பக்கத்தில் துப்பாக்கிக் குழாயை நீட்டிக் காலி செய்ய மணல் நிரப்பிய பீப்பாய், இவை போதும். காரில்தான் வைக்க வேண்டுமென்றால் பெட்டியை வண்டியின் உடலோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கம்பிவடத்தால் கட்டிவைத்தால் அதைக் கட்டர் நொடியில் அறுத்துவிடும், பெட்டியோடு துப்பாக்கியும் போய்விடும்.

அடையாள அட்டையில் பதவிப்பெயர் மட்டும் போதாது. 'சட்ட அமலாக்க அலுவலர்' என்ற சொற்கள் பெரிதாக இருக்கட்டும். துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள சிறைச் சமையற்கூட மேற்பார்வையாளரை நள்ளிரவில் நிறுத்தும் உள்ளூர்ப் போலீஸ்காரருக்கு அதுதான் புரியும்.

பயிற்சியில் தெளிவாகச் சொல்ல வேண்டியது இன்னொன்று. 2004 சட்டம் மாநிலத் தடைகளைத்தான் விலக்குகிறது, மத்திய அரசின் தடைகளை அல்ல. பள்ளியைச் சுற்றிய 1000 அடிக்குள் துப்பாக்கிக்கு மத்திய அரசின் தடை உண்டு, பணியில் இல்லாத காவலரை அதிலிருந்து 2004 சட்டம் காப்பாற்றாது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் வேண்டும், இல்லையேல் தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில் துப்பாக்கி இருக்க வேண்டும். அடுத்த மாநிலத்திலிருந்து தினமும் வண்டியோட்டி வருபவருக்கு இதை எழுத்தில் கொடுங்கள், வழியிலுள்ள பள்ளிகளைக் குறித்த வரைபடத்தோடு.

இப்படிக்கு,
சிறைப்பணியும் துப்பாக்கிப் பயிற்சியும் அறிந்தவர்கள்