மிஸ்ஸிமாரே, டொக்டர்மாரே, இந்த மரு விஷயத்த எங்களுக்கு தமிழ்ல சொல்லுங்க

மலையகத்துல வேல செய்ற எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டர்மாருக்கும், தோட்டத்துக்கு வர்ற மிஸ்ஸிமாருக்கும் (மருத்துவிச்சிமாருக்கும்),

வணக்கம். பேர் போடல, மன்னிச்சுக்குங்க. லயத்துல ஒரு காம்பராவுல இருமுனா நாலு காம்பராவுக்கு கேக்கும்.

போன வருஷம் அஞ்சு மாசம் வயித்துல புள்ளையோட இருந்தப்ப கீழ, பொறப்புறுப்புல மரு வந்துச்சு. மொதல்ல ரெண்டு, அப்புறம் கொத்தா, பூக்கோவா மாதிரி. வலி இல்ல, அரிப்பு மட்டும். ராத்திரி போர்வைக்குள்ள ஃபோன வச்சுக்கிட்டு தேடுனேன், ஒரு வீடியோ வினிகர் தடவு மூணு நாள்ல கொட்டிரும்ங்குது, அடுத்தது சாகுற வரைக்கும் போகாதுங்குது, ஒரு அக்கா கேன்சர்னு அழுவுறாங்க, இன்னொருத்தரு சிசேரியன் பண்ணலேன்னா புள்ள தொண்டையில மரு வளரும்ங்குறாரு. எல்லாருமே டொக்டர் மாதிரிதான் பேசுறாங்க, எத நம்புறது?

நாத்தனார்கிட்ட மட்டும் சொன்னேன். பொது கக்கூஸ்ல இருந்து ஒட்டியிருக்கும்னா, மறுநாள்ல இருந்து வாளிய தூக்கிக்கிட்டு அடுத்த லயத்து கக்கூஸுக்கு நடந்தா. அப்புறம் மாமியாருக்கு தெரிஞ்சிச்சு. எங்க வீட்டுக்காரரு கொழும்புல ஹோட்டல் வேல, அவரு கொண்டாந்தாரா நான் கொண்டாந்தேனான்னு ஒரு மாசம் சண்ட. அவரு ஃபோன்ல அழுதத நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல.

கடைசியில பாலியல் நோய் கிளினிக்குக்கு போனேன். இலவசம், பேர் சொல்லாம நம்பர்லதான் கூப்பிட்டாங்க, இதையே எனக்கு யாரும் முன்னாடி சொல்லல. நாத்தனார் ஃபார்மசியில வாங்குன சின்ன போத்தல டொக்டர்கிட்ட காட்டுனேன். அது பொடோஃபிலின்ங்குற மரு மருந்து, வயித்துல புள்ள இருக்கப்ப இத தொடவே கூடாதுன்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. நல்ல வேளை, நான் இன்னும் தொறக்கல. அப்புறம் பஞ்சு சுத்துன குச்சிய பொக வர்ற திரவ நைட்ரஜன்ல முக்கி ஒவ்வொரு மருவுலயும் வச்சாரு, குளிரு நெருப்பு மாதிரி சுட்டுச்சு. நாலு தடவ போனேன்.

அவரு பாதி சிங்களம் பாதி தமிழ்ல சொன்னதுதான் எனக்கு தேவைப்பட்டது. இது எச்.பி.வி. வைரஸ், பெரும்பாலும் 6, 11ங்குற வகை. கேன்சர் பண்றது 16, 18 மாதிரி வேற வகைங்க. தோலும் தோலும் ஒரசித்தான் முக்கியமா பரவுது, கக்கூஸ் காரணம் இல்ல. கொண்டம் போட்டா ஆபத்து கொறையும், ஆனா மூடாத எடத்துல இருந்தும் ஒட்டலாம். கர்ப்பத்துல மரு வேகமா பெருசாகலாம். புள்ள தொண்டைக்கு போறது ரொம்ப அபூர்வம், அதுக்காக மட்டும் வயித்த கிழிக்க மாட்டாங்க. மரு போனாலும் திரும்ப வரலாம், ஆனா நெறைய பேருக்கு ஒடம்பே வைரஸ அடக்கிரும்.

முக்கியமான விஷயம், ஒட்டுனதுக்கப்புறம் மரு தெரிய மாசக்கணக்காகலாம், வருஷக்கணக்கும் ஆகலாம், மருவே வராம வைரஸ் மட்டும் இருக்குறவங்களும் நெறைய. அதனால யாருகிட்ட இருந்து வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு மருவ பாத்து சொல்ல முடியாது. இந்த ஒரு வரிய முன்னாடியே யாராவது எங்க மாமியார்கிட்ட சொல்லியிருந்தா அந்த ஒரு மாசம் எங்க வீட்டுல சோறு எறங்கியிருக்கும்.

கர்ப்பிணி கிளினிக்ல வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் சோதனை), எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுக்குறீங்க. இலங்கையில தாய்கிட்ட இருந்து புள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுறத ஒழிச்சுட்டோம்னு 2019ல உலக சுகாதார நிறுவனமே சான்றிதழ் குடுத்துச்சு, அந்த பெருமையில தோட்டம் தோட்டமா நடந்த மிஸ்ஸிமாருக்கும் பங்கு இருக்கு. 2017ல இருந்து ஸ்கூல்ல ஆறாம் வகுப்பு பொம்பள புள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசியும் போடுறீங்க. ஆனா எங்க தோட்டத்துல அது 'கேன்சர் ஊசி', அவ்வளவுதான் தெரியும்.

அதனால கேக்குறேன். கிளினிக்ல புள்ளைகளுக்கு நிறை பாக்குற நாள்ல எப்படியும் அதுகளோட ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு நிக்கிறோம், அதுல பத்து நிமிஷம் இத பேசுங்க. தமிழ்ல ஒரு தாளு குடுங்க, பாலியல் நோய் கிளினிக் எங்க, எந்த நாள்னு அதுல போடுங்க. ஆம்பளைகளுக்கும் சொல்லுங்க, அவங்கள எந்த கிளினிக்கும் கூப்பிடுறதில்ல.

அடுத்த நிறை பாக்குற நாளுக்கு நானும் புள்ளைய தூக்கிக்கிட்டு வருவேன். யாரும் வாய தொறக்கலேன்னா மொத கேள்விய நானே கேக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா