உண்ணியைப் பற்றித்தான் முதல் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் பேரனுக்கு ஆறு வயது. தகப்பன் விபத்தில் போன பிறகு ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. விளையாட வைத்தே பிள்ளையின் மனதைத் தேற்றும் விளையாட்டுச் சிகிச்சைக்குக் கூட்டிப்போனோம். மண் தட்டு, பொம்மை, வர்ணப் பென்சில் எல்லாம் வைத்தார்கள். பெடியன் மேசைக்குக் கீழேயே இருந்தான்.

எங்கள் வீட்டு மணியன் உப்புவெளிக் கடற்கரையில் ஒட்டிக்கொண்டு வந்த ஊர் நாய். ஒருநாள் விறாந்தையில் அதைத் தடவிக்கொண்டிருந்தவன், "அம்மம்மா, மணியன்ட காதில உண்ணி" என்றான். நான் அரிசிச் சுளகைக் கீழே போட்டுவிட்டேன்.

நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற சிறுவர் உளவியலாளரும் இப்படித்தான், தன் நாய் ஜிங்கிள்ஸுடன் சிகிச்சைக்கு வந்த ஒரு பிள்ளை ஒட்டிக்கொண்டதைக் கண்டு, நாயும் சிகிச்சைக்குத் துணை நிற்கும் என்று 1962இல் கட்டுரை எழுதினார்.

அதற்காக மணியனைச் சிகிச்சை அறைக்குள் விடச் சொல்லவில்லை. அது கோழி திருடும். சத்தத்துக்கு மிரளாத, வாலை இழுத்தாலும் சீறாத நாயைத் தெரிந்தெடுத்துப் பழக்க வேண்டும்; விசர்நாய்த் தடுப்பூசி தவறக்கூடாது. அது கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு விளையாட்டை நிறுத்திவிட வேண்டும். நாயைத் தொட விரும்பாத குடும்பங்களும் இங்கே நிறைய. முதலே கேட்பதுதான் மரியாதை.

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் கால்நடை வைத்தியர்களும் சேர்ந்து திருகோணமலையில் ஒரேயொரு நாயையாவது பழக்கிப் பார்க்கக்கூடாதா?

ஓய்வுபெற்ற பாலர் பாடசாலை ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.