பாப்பாவுக்கு, அஸ்தம்பட்டியிலிருந்து

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நாங்கள் இருவரும் சுகம். மாமா வீட்டுக் கல்யாணச் செய்தியை அம்மா போனில் சொல்லியிருப்பாள். உனக்குப் பதவி உயர்வு வந்ததையும் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெருமையாக இருக்கிறது, ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏற்காட்டில் எடுத்த படங்களை மறுபடியும் பார்த்தேன். காலையில் சேர்வராயன் கோயில் வாசலில் உன் இரு கண்களும் ஒன்றுபோலத் திறந்திருக்கின்றன. மாலையில் ஏரிக்கரையில் எடுத்ததில் இடது இமை பாதி இறங்கியிருக்க, நீ முகவாயைத் தூக்கிப் பார்க்கிறாய். அன்றிரவு தட்டுவடை செட்டில் ஒன்றைத் தின்றுவிட்டு, தாடையைக் கையால் தாங்கிக்கொண்டே மற்றதை அம்மா பக்கம் தள்ளினாய். கம்ப்யூட்டர் பார்த்த அசதி என்றாள் அம்மா, நீயும் தலையாட்டினாய்.

எல்லா அசதியும் ஒன்றல்ல பாப்பா. நீ இன்ஜினியரிங் பக்கம் போனதால் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தை நீ கேட்டதேயில்லை, இப்போது கேள். தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற இன்னொரு புரதத்தின் இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. இழைகளின் நீளம் குறையாமல் அவை ஒன்றையொன்று உரசி நகர்வதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954இல் இரண்டு குழுவினர் ஒரே வாரத்து 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்கள் (இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி உண்டு, ஆனால் இருவரும் உறவினர் அல்லர்). பற்றிய பிடியை விடுவதற்கும் ஏடிபி என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு வேண்டும் என்பதில்தான் பிள்ளைகள் மார்க்கைக் கோட்டைவிடுவார்கள். உயிர் போன உடல் விறைப்பது ஏடிபி தீர்ந்து அந்தப் பிடி விடாததால்தான்.

ஆக்டினில் மயோசின் பற்றும் இடத்தை ட்ரோபோமயோசின் என்ற புரதம் மறைத்திருக்கிறது. கால்சியம் வந்து அதை ஒட்டியுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில் சேர்ந்தால்தான் அது விலகும்; அந்தக் கால்சியம் தசைக்குள் வெளிப்பட, நரம்பு முனையில் சுரக்கும் அசிட்டைல்கோலின் தசையின் ஏற்பிகளைத் தொடவேண்டும். நரம்பு தொடர்ந்து வேலை செய்தால் அதன் சுரப்பு துடிப்புக்குத் துடிப்பு குறையும். தேவைக்கு மிஞ்சியே சுரப்பதால் நல்ல உடம்பில் அது தெரிவதில்லை. உடம்பின் எதிர்ப்பொருள்களே அந்த ஏற்பிகளைத் தாக்கிக் குறைத்துவிட்டாலோ, காலையில் சரியாக இருந்த இமை மாலையில் இறங்கும், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓயும், சற்று ஓய்வெடுத்தால் பலம் திரும்பும். ஆக்டினும் மயோசினும் பழுதில்லாமல் காத்திருக்கும், உத்தரவுதான் வந்து சேராது. இந்த நோயை மயஸ்தீனியா கிரேவிஸ் என்பார்கள்.

உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. வாத்தியார் டாக்டராகிவிட முடியாது. அப்படியே இருந்தாலும், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் பிரிடோஸ்டிக்மின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆகவே கண்ணாடிக் கடைக்குப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் போ. ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நோய் கண்ணோடு நின்றுவிடுபவர்களில் பலருக்கு அது தென்படுவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே, சில வகைகள் இதை மோசமாக்கும். இரவில் வண்டி ஓட்டாதே. விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணாடிக் கடைக்கு மட்டும் போய்விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லாதே.

அம்மாவிடம் நான் இதைப் பேசவில்லை, அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன். சாயங்காலத்தில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்பதற்கு மட்டுமாவது பதில் எழுது.

இப்படிக்கு,
அப்பா