பேரனுக்கு யானைச் சவாரி வேண்டாம்

அன்பு மகள் கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் வரும்போது பையனை யானை மேல் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப் போக வேண்டும், யானையை நாமே குளிப்பாட்டுகிற இடம்கூட இருக்கிறதாமே, விசாரித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தாய். விசாரித்தேன். அதோடு நிற்காமல், தெரு ஆட்கள் ஊட்டிக்கு வேன் எடுத்தபோது நானும் அம்மாவும் தொற்றிக்கொண்டு முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமையும் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஊட்டியிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. யானைகளுக்குச் சாப்பாடு போடும் நேரத்தில்தான் பார்க்க விடுகிறார்கள். காலையில் எட்டரை மணி வாக்கில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கல்லட்டி வழியாக இறங்கினால் கிட்டம்தான். ஆனால் அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி என்று சுற்றித்தான் போனோம். அம்மா வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்.

எங்களோடு வந்த வழிகாட்டி கூடலூர்ப் பையன். வண்டியிலேயே கட்டளை போட்டுவிட்டான். சத்தம் போடக் கூடாது, கயிற்றைத் தாண்டக் கூடாது, வாழைப்பழம் நீட்டக் கூடாது, செல்ஃபிக்காக முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. எங்கள் வேனில் அரை சீப்பு வாழைப்பழம் வாங்கி வைத்திருந்தவர் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. திரும்பும்போது நாங்களே தின்று தீர்த்தோம்.

முகாம் மோயாற்றங்கரையில் இருக்கிறது. ராத்திரியில் பெரும்பாலான யானைகளை நீளச் சங்கிலியோடு காட்டுக்குள் மேய விட்டுவிடுகிறார்கள். விடிந்ததும் பாகனும் அவருக்கு உதவியாக இருக்கும் காவடியும் சங்கிலி இழுபட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டே தேடிப் போய்க் கூட்டி வருகிறார்கள். ஆற்றில் படுக்க வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகுதான் சாப்பாடு. பாகன்களில் பலர் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் பழங்குடியினர். அப்பா, தாத்தா என்று தலைமுறையாக இதே வேலை.

சாப்பாட்டை நான் நன்றாகக் கவனித்தேன். ராகியும் கொள்ளும் வேகவைத்துக் கெட்டியாகக் களி கிண்டி வைத்திருக்கிறார்கள். அரிசிச் சோறு தனி. அதோடு வெல்லம், உப்பு, தாது உப்பு, தேங்காய். பாகன் களியைப் பாளமாக வெட்டி எடுத்துப் பிசைந்து, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவுக்கு உருண்டை பிடிக்கிறார். எந்த யானைக்கு எது எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. வயதானதுக்கு ஒன்று, மதம் பிடித்ததுக்கு வேறு, இளைத்துப் போனதுக்கு வேறு. மாத்திரை கொடுக்க வேண்டுமானால் உருண்டைக்கு நடுவில் வைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு எதிரே நின்ற ஒரு பெண் யானை தும்பிக்கையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்தது. உள்ளே ரோஜா நிறத்தில் நாக்கு. பாகன் முழங்கை வரை உள்ளே விட்டு உருண்டையை வைத்துவிட்டு, கையை அதன் காதிலேயே துடைத்துக்கொண்டார். அம்மாவுக்கு அதைப் பார்த்ததில் பரம சந்தோஷம். நீ ஒன்றரை வயதில் சோறு தின்னப் படுத்திய பாட்டை வேனில் இருந்த எல்லோருக்கும் சொல்லி முடித்தாள்.

ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அதில் வந்த குட்டி யானை ரகு எங்கே, அதை வளர்த்த பொம்மன் பெள்ளி எங்கே என்றுதான் கேட்கிறார்களாம். எங்கள் ஆட்களும் அதையேதான் கேட்டார்கள். தாயில்லாக் குட்டிகளை வளர்த்த அந்த பெள்ளி அம்மாளுக்கு 2023ல் தமிழ்நாடு அரசு காவடி வேலையே கொடுத்தது. பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆனால் எனக்கு மனசில் நின்றது வழிகாட்டி சொன்ன மூர்த்தி கதைதான். அது தந்தமில்லாத ஆண் யானை, மக்னா என்பார்கள். கேரள எல்லையிலும் கூடலூர்ப் பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1998ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் குண்டுக் காயம். யானை டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பக்குவமாக வைத்தியம் பார்த்தார், அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அதன் பிறகு குழந்தை பக்கத்தில் போனாலும் ஒன்றும் செய்யாத அளவுக்கு மூர்த்தி சாதுவாகிவிட்டதாம். வயதாகி முகாமிலேயே போய்ச் சேர்ந்தது.

சாதுவாகிவிட்டது என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். எப்படி என்று கேட்டேன். கரால் என்று ஒன்று. பெரிய பெரிய மரங்களை அடுக்கிக் கட்டிய கூண்டு. பிடித்த யானையை அதற்குள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் வைத்து, பாகனின் குரலுக்கும் கரும்புக்கும் பழக்குகிறார்கள். வழிகாட்டிப் பையன் எதையும் மறைக்காமல் சொன்னான், அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. ஊருக்குள் வந்து ஆளைக் கொல்கிற யானைக்கு, சுட்டுத் தள்ளுவதைவிட இது மேல். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யானை யாரையாவது முதுகில் ஏற்றிக்கொண்டு சொன்னபடி நடக்கிறதென்றால், எங்கேயோ எப்போதோ ஒரு கூண்டையோ அதைவிட மோசமான ஒன்றையோ தாண்டித்தான் வந்திருக்கும். நம் வீட்டுப் பையன் பத்து நிமிஷம் உட்கார்ந்து போட்டோ எடுக்க அது தேவையா என்று யோசி. யானையின் முதுகெலும்பும் மேல்நோக்கி வளைந்து முட்டிக்கொண்டிருப்பது. நாள் முழுக்க அம்பாரியும் ஆட்களும் சுமக்க ஏற்பட்ட முதுகில்லை அது.

அடுத்தது என் பழைய தொழில். முப்பது வருஷத்துக்கும் மேல் மின்கம்பம் ஏறியவன் கண்ணுக்கு வேலி படாமல் போகுமா? கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தின் ஓரம் சோலார் வேலி போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். அம்மா திட்டினாள். சோலார் தகடு, பேட்டரி, ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவைதான் அடிக்கும். அந்த அடியும் நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட நீடிக்காது. தொட்டால் சுரீர் என்று இருக்கும், யானை பின்வாங்கிவிடும், உயிர் போகாது. அதையும் சில யானைகள் கற்றுக்கொண்டு, மின்சாரம் பாயாத தந்தத்தால் கம்பியை அறுக்கின்றனவாம், மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்க்கின்றனவாம். பலே!

அநியாயம் எதுவென்றால் வீட்டு லைனிலிருந்து கொக்கி போட்டு 230 வோல்ட்டை நேராகக் கம்பியில் விடுவது. அதில் விட்டு விட்டு அடிப்பது கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். தசை இறுகிவிடும், விலக முடியாது. லீக்கேஜைப் பார்த்து விழுகிற பிரேக்கர் இருந்தாலாவது லைன் கட்டாகும். திருட்டுக் கொக்கி போடுகிறவன் அதையா மாட்டி வைப்பான்? டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பியூஸ் இந்த அளவு கரண்டுக்கெல்லாம் அசையாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் இப்படித்தான் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பித்து, செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்ததை டிவியில் காட்டினார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். கம்பிக்குப் பன்றி எது, யானை எது, பக்கத்து வயல்காரன் எது என்று தெரியுமா? பணியில் இருந்தபோது நம் ஊர்ப் பக்கத்து வயல்களிலேயே இப்படிக் கொக்கிகளைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். யானை இல்லாத ஊரில் மாடும் மனிதனும் போவார்கள்.

சரி, நம் கோயில் யானை லட்சுமி விஷயத்துக்கு வருகிறேன். மணக்குள விநாயகர் கோயில் வாசலில் வெள்ளிக் கொலுசு போட்டுக்கொண்டு நிற்குமே, நீ பள்ளிக்கூடம் போகிற வழியில் அதற்கு ஒரு ரூபாய் கொடுத்துத் தலையில் ஆசீர்வாதம் வாங்காமல் நகர மாட்டாய். 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தது. ஊரே தெருவில் நின்று அழுதது. நானும் அழுதேன். லட்சுமியை நாம் நேசித்ததில் எந்தக் குறையும் கிடையாது, அதை யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் டீக்கடையில் யாராவது அடுத்த யானை எப்போது வரும், வந்தால் தெருவுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால், நான் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகாமில் ஒன்றைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு வரிசையாக நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் யானையின் வாயில் தும்பிக்கையை விட்டு என்ன தின்றாய் என்று பார்க்கின்றன. உறுமல் மாதிரி ஒரு சத்தம், பதிலுக்கு ஒரு சத்தம். பெண் யானை காட்டில் சாகும் வரை தாய், பாட்டி, சித்தி என்று கூட்டத்தோடேயே இருக்கும், ஆண்தான் வயசுக்கு வந்ததும் பிரிந்து போகும் என்றான் வழிகாட்டி. லட்சுமி ஐந்து வயதில் இங்கே வந்தது. அதன் பிறகு கூட நிற்க இன்னொரு யானை கிடையாது. பாகன் இருந்தார், பக்தர்கள் இருந்தார்கள், அருகம்புல் மாலை இருந்தது.

2023ல் மதுரையில் உள்ள உயர்நீதிமன்றக் கிளை, தமிழ்நாட்டில் கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நம் புதுச்சேரி தனிக் கணக்கு என்று டீக்கடையில் வாதம் செய்கிறார்கள். விநாயகருக்குப் பூஜை நடக்க யானை வேண்டும் என்கிறவர்களிடம் நான் கேட்டேன், விநாயகரே யானைதானே, இன்னொன்று எதற்கு என்று. சிரித்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை.

முகாமைச் சொர்க்கம் என்றும் நினைத்துக்கொள்ளாதே. சங்கிலி அங்கேயும் உண்டு, அங்குசமும் உண்டு. ஆனால் ராத்திரியில் காடு இருக்கிறது, ஆறு இருக்கிறது, கூட நிற்க ஆள் இருக்கிறது. நம்மைத் தொட விடுவதில்லை, அதுவும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அதனால் டிசம்பரில் சவாரி வேண்டாம், குளிப்பாட்டுவதும் வேண்டாம். தெப்பக்காட்டுக்கே போகலாம். பையன் அந்தக் களி உருண்டையைப் பார்த்தால் சவாரியை மறந்துவிடுவான். நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், மாப்பிள்ளையிடம் ஆன்லைனில் போடச் சொல். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், நீங்கள் மூவரும் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நல்ல குளிர், பையனுக்கு ஸ்வெட்டர் அங்கிருந்தே எடுத்து வா, இங்கே கிடைப்பது சரியில்லை என்கிறாள் அம்மா. தேதி முடிவானதும் சொல், ஊட்டியில் அறை நான் பார்த்துக்கொள்கிறேன். அரையாண்டு விடுமுறைக்குள் வந்துவிட்டால் கூட்டம் தாங்காது, அதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா
முத்தியால்பேட்டை, புதுச்சேரி