ஜன்னலைத் திறப்பதா, சாத்துவதா? பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் காரசாரமாகப் போனது ஒரே ஒரு பேச்சுதான்: ரோட்டுப் பக்கத்து வகுப்புகளின் ஜன்னல். "லாரி சத்தத்தில் டீச்சர் சொல்வது பிள்ளைக்குக் காதிலேயே விழுவதில்லையாம், சாத்தி வையுங்கள்" என்று ஒரு தரப்பு. "சாத்தினால் புழுங்கித் தள்ளுகிறது, ஒருத்தருக்குச் சளி வந்தால் வகுப்புக்கே வருகிறது, திறந்து வையுங்கள்" என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் சொன்னது நிஜம். அன்றைக்கு நேரம் போதாததால், பதிலை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். கடிதம் சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலேயே தொடங்குகிறேன். உட்கார்ந்து பாடம் கேட்கும் ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறது. 8-பி வகுப்பில் 42 பேர். ஆக மணிக்கு 630 லிட்டர். அறை 24 அடி நீளம், 20 அடி அகலம், பத்தரை அடி உயரம். லிட்டரில் ஏறக்குறைய 1 லட்சத்து 43 ஆயிரம். வகுத்துப் பாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் அறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 4,400 பங்கு கரியமில வாயு கூடிவிடும். வெளியே திறந்த வெளியில் இருப்பது 420 பங்கு அளவில்தான். அறைக்குள் 1,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது கட்டடத் துறையில் வெகுநாளாகப் புழங்கும் அளவு.

கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரத்தானே செய்யும் என்பீர்கள். வரும். அதனால்தான் எங்கள் அறிவியல் ஆசிரியர் கரியமில வாயுவை அளக்கும் ஒரு மானியை இரவல் வாங்கி வந்து, ஜன்னலைச் சாத்திய நிலையில் ஒரு பீரியட் முழுக்க 8-பி மேசை மேல் வைத்துப் பார்த்தார். நாற்பது நிமிடம் கழித்து மணி அடித்தபோது அது 2,300 காட்டியது. பயந்துவிடாதீர்கள், இந்த அளவு வாயு நஞ்சு கிடையாது. ஆனால் அந்த அறையில் எவ்வளவு காற்று ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நுரையீரலுக்குள் போய் வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு நூற்றுக்கு நான்கு பங்கு. அதை வைத்துப் போட்டால், அந்த பீரியட் முடியும்போது உங்கள் பிள்ளை இழுக்கும் இருபது மூச்சில் ஒரு மூச்சு முழுக்கப் பக்கத்திலிருப்பவர் விட்ட மூச்சு. சின்னம்மை, தட்டம்மை, காசநோய் எல்லாம் பரவுவது இந்த வழியில்தான். மதியத்துக்கு மேல் பிள்ளைகள் சொக்குவதற்குச் சோறு மட்டும் காரணமில்லை.

அப்புறம், சத்தம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; உங்களில் பலர் தறிகுடோனில் வேலை பார்க்கிறீர்கள். அங்கே 90 டெசிபலுக்கு மேல் ஓடும் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரரிடம் சைகையில் பேசிப் பழகியவர்கள் நீங்கள். நம் ரோட்டுப் பக்கத்து வகுப்பில் அவ்வளவு இல்லை. ஜன்னல் திறந்திருக்கும்போது துணி பேல் ஏற்றிய லாரியோ கறிக்கோழி வண்டியோ போனால் 70-ஐத் தாண்டுகிறது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் குரல் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது அதைவிடக் குறைவு. சொல் தெளிவாகப் புரிய வேண்டுமானால் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். அதற்காகத்தான் வகுப்பறைக்குள் பாட வேளையில் 35 டெசிபலுக்கு மேல் பின்னணிச் சத்தம் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லிவைத்தது. நம் ஊரில், ஏன், நம் நாட்டிலேயே ரோட்டோரப் பள்ளி எதற்கும் அது எட்டாக் கனி. இருந்தாலும் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டுமே.

பெரியவர்களுக்குப் பாதிச் சொல் விழுந்தாலும் மீதியை ஊகித்துக்கொள்ளத் தெரியும். பிள்ளைகளுக்கு அது வராது. சின்ன வகுப்பு என்றால் இன்னும் கஷ்டம். போன மாதம் ஆறாம் வகுப்பில் மனக்கணக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். ஆசிரியர் "எழுபதிலிருந்து பதினெட்டு போனால்?" என்றார். சரியாக அந்த நேரத்தில் ஒரு பஸ் ஹாரன். ரோட்டு ஓரத்து வரிசையில் நாலைந்து பேர் 62 என்று எழுதினார்கள். எண்பது என்று காதில் விழுந்திருக்கிறது; எண்பதுக்கு அது சரியான விடை. இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று நாம் மதிப்பெண் போடுகிறோம்.

இது நம் பள்ளியோடு நிற்கிற பிரச்சினை அல்ல. நியூயார்க்கில் மன்ஹாட்டனின் வடகோடியில் ஒரு தொடக்கப் பள்ளி. அதன் ஒரு பக்கத்தை ஒட்டி மேம்பாலத்தில் ரயில் ஓடும். அர்லீன் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞர், ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் மறுபக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1975-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆறாம் வகுப்பு வரும்போது ரயில் பக்கத்தவர்கள் வாசிப்பில் ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். அதே பள்ளி, அதே பாடம். உட்கார்ந்த பக்கம்தான் வேறு. பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981-ல் அவர் மறுபடி பார்த்தபோது இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. எனக்கு இதில் பிடித்தது இந்தப் பின்பாதிதான்.

சரி, ஏசி. கூட்டத்தில் பலமாகக் கைதட்டல் வாங்கிய யோசனை இது. முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு ஏசி வாங்கித் தருவதாகவே சொல்லிவிட்டார். அவர் மனசுக்கு நன்றி. ஆனால் வகுப்பறைக்கு ஏசி வேண்டாம் என்பது என் முடிவு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. குளிர் வெளியே போகாமலிருக்க எல்லாவற்றையும் சாத்துவோம். ஆக, மேலே போட்ட கணக்கு அப்படியே நடக்கும். புழுக்கம் தெரியாததால் யாரும் ஜன்னலைத் திறக்கவும் தோன்றாது. கரண்ட் பில்லைப் பற்றி நான் பேசவே இல்லை.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாம் என்ற யோசனையும் வந்தது. அது ரோட்டுச் சத்தத்தைத் தடுக்காது, தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும். மரம் வையுங்கள் என்றார்கள், வைப்போம், நிழலுக்காக. 100 அடி அகலத்துக்கு அடர்ந்த தோப்பாக இருந்தால்தான் சத்தத்தில் காதுக்கு வித்தியாசம் தெரியும், ஒரு வரிசை புங்கமரம் அதைச் செய்யாது.

இனி, என்ன செய்யப் போகிறோம் என்பது. காற்றும் சத்தமும் ஒரே ஓட்டை வழியாக வருவதால்தான் இந்த இழுபறி. காற்று வரும் வழியைச் சத்தம் வரும் வழியிலிருந்து பிரித்துவிட்டால் பாதி தீர்ந்தது.

காசு செலவில்லாதது முதலில். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அறைகள் மாறுகின்றன. மேற்கே திருப்பூர் ரோட்டைப் பார்த்த அறைகளுக்கு ஆய்வகம், ஓவிய அறை, ஆசிரியர் ஓய்வறை, சாமான் அறை போய்விடும். கிழக்கே மைதானத்தைப் பார்த்த அறைகளில் முதல் இடம் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும். பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலர் "பொதுத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு அல்லவா அமைதி வேண்டும்" என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். ஆனாலும் பத்தாவது பிள்ளை புத்தகத்தைப் பார்த்துச் சரி செய்துகொள்ளும். ஆறாவது பிள்ளைக்குக் காதுதான் புத்தகம். இதில் நான் பின்வாங்குவதாக இல்லை.

இப்படி மாற்றிய பிறகும் மூன்று வகுப்புகள் ரோட்டுப் பக்கம் நின்றுவிடும். எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவும், ஒன்பது-ஏ-வும். அங்கே கீழ் ஜன்னல்களின் பழைய கண்ணாடியை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி போட்டு, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங் வைக்கப்போகிறோம். கண்ணாடியைவிட பீடிங்தான் முக்கியம். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து விட்டாலே, என்ன விலைக் கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தம் குறையாது. ஆனால் எந்த ஜன்னலையும் நிரந்தரமாக அடைக்கப் போவதில்லை. எல்லாம் உள்ளிருந்து ஒரே கையால் திறக்கும்படிதான் இருக்கும். ஆபத்து அவசரம் என்றால் வழி வேண்டும்.

காற்றுக்கு வழி மேலே இருக்கும் வென்டிலேட்டர். அதன் வெளிப்பக்கத்தில் பிளைவுட்டில் ஒரு பெட்டி, உள்ளே இரண்டு இடத்தில் வளைவு, பெட்டியின் உட்சுவரில் ராக்வூல் என்ற கல்பஞ்சு மெத்தை பதித்துத் துணியால் நன்றாக மூடியது. காற்று வளைந்து வளைந்து உள்ளே வந்துவிடும். சத்தம் ஒவ்வொரு வளைவிலும் மெத்தையில் மோதித் தேய்ந்துபோகும். கட்டடப் பொறியாளராக இருக்கும் முன்னாள் மாணவர் வரைந்து கொடுத்திருக்கிறார். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலையைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்று ஆனி, ஆடியில் இந்தப் பெட்டி வழியாக உள்ளே தள்ளி, வராந்தா பக்கத்து ஜாலி வழியாக வெளியேறும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்யும். காற்றே அசையாத சித்திரை நாட்களுக்கு வராந்தா பக்கச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். பிள்ளை ஒன்றுக்கு நொடிக்கு 5 லிட்டர் புதுக் காற்று என்றால் அந்த அறைக்கு 210 லிட்டர். 12 அங்குல ஃபேன் குறைந்த வேகத்தில் ஓடினாலே போதும். முழு வேகத்தில் விட்டால் அது கத்தும் கத்தலுக்கு லாரியே தேவலை. எனவே முதலில் 8-பி-யில் மட்டும் அமைத்து, சத்தத்தையும் கரியமில வாயுவையும் அளந்து பார்த்த பிறகே மற்ற அறைகளுக்குப் போவோம். தூசியை இந்தப் பெட்டி முழுதாக நிறுத்தாது. வலை வைத்து வாரம் ஒருமுறை கழுவலாம், வலையை நெருக்கமாக வைத்தால் காற்று வராது. ரோட்டோரத்தில் இருக்கும்வரை அந்தத் தொல்லை கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

அறைக்குள்ளேயே பிறக்கும் சத்தமும் உண்டு. சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை. எதுவும் ஒலியை உறிஞ்சாது, எல்லாம் திருப்பித்தான் அனுப்பும். பின்சுவரில் துணி போர்த்திய சாஃப்ட் போர்டு அடிக்கிறோம், பிள்ளைகளின் படங்களையும் அதில் குத்திவைக்கலாம். பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ். கடகடவென்று ஆடும் மின்விசிறிகளுக்கு பேரிங் மாற்றக் கொடுத்தாகிவிட்டது.

பெட்டி தயாராகும்வரை ஒரு நடைமுறை. ரோட்டுப் பக்க வகுப்புகளில் ஒவ்வொரு பீரியடும் முடிந்து மணி அடித்ததும் கதவு, ஜன்னல் எல்லாம் ஐந்து நிமிடம் முழுக்கத் திறக்கப்படும். பாடம் நடக்கையில் வராந்தா பக்கம் எப்போதும் திறந்திருக்கும். சொல்வதை எழுதுதல், மனக்கணக்கு, வாய்மொழித் தேர்வு என்றால் மட்டும் ரோட்டுப் பக்க ஜன்னலைப் பத்துப் பதினைந்து நிமிடம் சாத்திக்கொள்வோம். இதை ஜன்னல் பொறுப்பு மாணவர்கள் கவனிப்பார்கள். வகுப்பில் யாருக்காவது சளி, காய்ச்சல் ஓடும் வாரங்களில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு திறந்தே வைப்போம். அந்த நாட்களில் "ஏன் திறந்து வைத்தீர்கள்" என்று போன் செய்ய வேண்டாம். காய்ச்சல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டாலே எங்களுக்குப் பெரிய உதவி.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கென்று யாரிடமும் பணம் வசூலிக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழக நிதி இருக்கிறது. ஏசி தருவதாகச் சொன்னவரிடம் அந்தத் தொகையைக் கண்ணாடிக்கும் பெட்டிக்கும் தர முடியுமா என்று கேட்டேன், உடனே சம்மதித்துவிட்டார்.

கடைசியாக, உங்களிடம் கேட்பது. பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி அப்படிப்பட்ட இடத்தில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. அவசரம் தவிர ஹாரனே அடிக்கக் கூடாது. ஏர் ஹாரன் லாரிகளைப் பற்றிப் போக்குவரத்துக் காவலுக்கு மனு எழுதியிருக்கிறோம், அறிவிப்புப் பலகையும் கேட்டிருக்கிறோம். ஆனால் மாலை மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கேட்டருகே அடிக்கப்படும் ஹாரன் லாரிக்காரருடையது அல்ல. பிள்ளையைக் கூப்பிட வந்த வண்டிகள், ஆட்டோக்கள். கடைசி பீரியட் முழுக்க அதில்தான் போகிறது. உங்கள் பிள்ளை தானாக வெளியே வரும், ஹாரன் அடித்தால் சீக்கிரம் வராது. காத்திருக்கும்போது இன்ஜினையும் அணைத்துவிடுங்கள். அந்தப் புகை நேராகப் போவது நீங்கள் திறந்து வைக்கச் சொன்ன ஜன்னலுக்குள்தான்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு 8-பி அறையில் மாதிரிப் பெட்டியைக் காட்டுகிறோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, திறந்தும் சாத்தியும் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். பிளைவுட், வெல்டிங் வேலை தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், யோசனை தேவைப்படுகிறது. வண்டிகளை மைதானத்துப் பின்கேட் வழியாகக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்